உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்கப் படையோடு குதித்த நம் டாக்டர்

நார்மண்டியில் நள்ளிரவில் குதித்த அமெரிக்க பாராசூட் வீரர்களின் கதை உலகறிந்தது. ஆனால் கொரியப் போரின்போது, 1951 மார்ச் 23 அன்று கொரியாவின் முன்சான் அருகே அமெரிக்காவின் 187ஆவது பாராசூட் படை குதித்தபோது, கூடவே 12 இந்தியர்களும் குதித்தது நம்மூரிலேயே பலருக்குத் தெரியாது. அவர்கள் போனது சுட அல்ல, காயம்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்ய!

தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். இந்தியர்களில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்த இருவரில் ஒருவர். மற்றவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். 1944இல் மணிப்பூரின் சாங்ஷாக்கில் ஜப்பானியரை மறித்து நின்ற 152ஆவது இந்திய பாராசூட் பட்டாலியனின் மருத்துவரும் ரங்கராஜ்தான்.

கொரியாவில் அவருடைய 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு செய்த இன்னொரு காரியம் குதித்ததைவிடப் பெரியது என்றே சொல்லலாம். 1950 டிசம்பர், கடுங்குளிர். பியாங்யாங்கை விட்டுப் பின்வாங்க உத்தரவு. சாமான் ஏற்ற வண்டி கிடையாது. மருத்துவக் கருவிகளை விட்டுச் செல்ல மனம் வரவில்லை. அங்கே கிடந்த பழைய நீராவி ரயில் எஞ்சினைக் கிளப்பி, பெட்டிகளில் எல்லாவற்றையும் ஏற்றி, பாலம் தகர்க்கப்படும் முன் ஆற்றைக் கடந்துவிட்டார்கள்.

ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.