குழி பறிக்கத் தெரிந்த மென்பொருள்

வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்ய ஆசைப்படும் வாசகர் ஒருவர், எந்த மென்பொருள் உத்தமம், எந்த ட்ரில் பிட் உத்தமம் என்று ஒரே கடிதத்தில் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார்; இரண்டும் ஒரே கேள்விதான் என்பது என் அபிப்பிராயம். செயற்கை நுண்ணறிவே பாதைகளை வரைந்து தரும் என்னும் விளம்பரங்களில் மயங்குகிறவர்கள், ஓர் ஐ.சி.யும் சில ரெஸிஸ்டர்களும் உள்ள பலகைக்கு அவ்வளவு பெரிய ஞானம் எதற்கு என்று யோசிப்பதில்லை. அத்தகைய பலகையில் பாதை வரைவது அற்ப வேலை, பிரயாசையெல்லாம் துளையிடுவதில்தான்.

பலகையின் உடல் கண்ணாடி இழை. அதன்மேல் ஒட்டியிருக்கும் தாமிரத்தின் கனம் பெரும்பாலும் 35 மைக்ரான். கண்ணாடி, சாதாரண எஃகு பிட்டின் முனையை வெகு சீக்கிரம் மழுக்கிவிடும். கோபால்ட்டால் பிணைத்த டங்ஸ்டன் கார்பைடு பிட் எளிதில் மழுங்காது. ஆனால் வளையவும் வளையாது, பக்கவாட்டில் சிறிது அழுத்தினாலே முறிந்துபோகும். வழவழப்பான தாமிரத்தில் முனை வழுக்குகிற அந்த முதற்கணமே அதற்கு மரண கண்டம்.

இந்தக் கண்டத்தைத் தாண்டுவிப்பது மென்பொருள். பலகை வரையும் இலவச மென்பொருளான கீகேட்டில் படத்தை அச்சிடப் போகும்போது, துளைக்குறி வேண்டாமா, சிறியதா, உண்மை அளவா என்று ஒரு கேள்வி வரும். சிறியது என்று சொல்லி, அச்சிட்ட டோனரைத் தாமிரத்தின்மேல் ஏற்றினால், ஒவ்வொரு தாமிர வட்டத்தின் நடுவிலும் டோனர் படியாத ஒரு புள்ளி விழும். டோனர் மூடாத தாமிரத்தைக் கரைக்கும் பெர்ரிக் குளோரைடு அந்தப் புள்ளியைத் தின்று 35 மைக்ரான் ஆழத்துக்குக் குழி பறிக்கும். பிட்டின் முனை அதில் இறங்கியதும் சுற்றியுள்ள தாமிரக் கரை அதை வெளியே விடாது. ஆட்டுக்கல்லில் குழவி ஓடாமல் நிற்பது அரைப்பவரின் சாமர்த்தியத்தால் அன்று, குழியின் சாமர்த்தியத்தால். அதே குழவியை அம்மியின்மேல் நிறுத்திச் சுழற்றினால், மாவையும் இழுத்துக்கொண்டு அடுக்களை மூலைக்கு யாத்திரை புறப்பட்டுவிடும். குழி மிக அகன்றாலும் குழவி அலையும். ஆகையால்தான் உண்மை அளவுக் குறியைக் காட்டிலும் சிறிய குறி விசேஷம். ஒன்று மட்டும் வேறுபாடு: இந்த ஆட்டுக்கல்லில் வருகிற மாவு கண்ணாடித் தூள், முகமூடி அணியாமல் அரைக்கலாகாது.

 

குழி இருந்தாலும், கையில் பிடிக்கிற ட்ரில்லில் கார்பைடைப் பூட்டுவது வீண் செலவு. செங்குத்தாக இறங்கும் ஸ்டாண்டு உள்ளவருக்கே அது ஏற்றது. கார்பைடுக்கு வேகமும் வேண்டும்: 0.8 மி.மீ. பிட் நிமிஷத்துக்கு 30,000 சுற்று சுழன்றால்தான் அதன் விளிம்பு 75 மீட்டர் ஓடும். 3,000 சுற்றே தருகிற கைட்ரில்லில் ஏழரை மீட்டர்தான். ஸ்டாண்டு இல்லாதவர் எஃகு பிட்டுகளை நாலைந்தாக வாங்கி, மழுங்க மழுங்க மாற்றிக்கொள்வதே அனுகூலம். ரெஸிஸ்டருக்கும் ஐ.சி.க்கும் 0.8 போதும், 1என்4007 டயோடின் கால் தடித்தது, அதற்கு 1.0 வேண்டும்.