இரத்தம் போகிறவருக்கு இரத்தம் உறையுமா?

இவ்வாண்டு மலரில், நான் பட்டறிந்த ஒன்றைச் சொல்ல விழைகிறேன்.

எனக்குப் பெருங்குடல் அழற்சி நோய் உண்டு. ஒரு முறை அது கடுமையாகி, இரத்தத்துடன் ஓயாத வயிற்றுப்போக்கு ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்ந்தேன். தாதி ஓர் ஊசி கொண்டுவந்து, "இரத்தம் உறையாமல் இருக்க" என்றார். "இரத்தம் போய்க்கொண்டிருப்பவனுக்கா இந்த ஊசி?" என்று மறுத்துவிட்டேன். மூன்றாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கியது. ஸ்கேன் செய்ததில் காலின் ஆழமான நாளத்தில் இரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது. அது நுரையீரலுக்குச் செல்லுமுன் சிகிச்சை கிடைத்தது இறைவன் கருணையே.

குடல் அழற்சி நோய் என்பது சாதாரண வயிற்றுக் கோளாறு அன்று. பெருங்குடல் அழற்சி, குரோன் நோய் என அது இரு வகைப்படும். புண் குடலில் இருந்தாலும் அழற்சியின் தாக்கம் இரத்தம் முழுவதும் பரவி, உறையும் தன்மையைக் கூட்டுகிறது. வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றுவதும், படுத்தே கிடப்பதும், ஸ்டீராய்டு மருந்தும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

இது புதிய செய்தியன்று. அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையைச் சேர்ந்த பார்கன், பார்க்கர் ஆகிய மருத்துவர்கள் 1936-லேயே இதனை எழுதியுள்ளனர். மற்றவர்களைவிட இந்நோயாளிகளுக்கு இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு அதிகம். நோய் முற்றும் வேளையில் இன்னும் அதிகம்.

ஆகவேதான், நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வோருக்கு, மலத்தில் இரத்தம் போனாலும், தடுப்பு ஊசி போடுகிறார்கள். அந்தச் சிறு அளவு மருந்தால் குடலின் இரத்தப்போக்கு பெரிதாகக் கூடுவதில்லை. இரத்தப்போக்கு மிகக் கடுமையாக இருந்தால், ஊசிக்குப் பதிலாகக் கால்களை அழுத்தும் கருவியை மருத்துவர் பயன்படுத்துவார்.

ஹெப்பாரின் வகை ஊசி மருந்து பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. சைவ உணவு நெறியில் உறுதியாய் நிற்பவர்கள் அதனை வெளிப்படையாகச் சொல்லி, மாற்று மருந்து பற்றிக் கேளுங்கள். செயற்கை முறையில் தயாரிக்கப்படும் மருந்தும் உண்டு. காரணம் கூறாமல் மறுத்துவிட வேண்டாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

1. நோய் முற்றியிருக்கையில் தைப்பூசமே ஆனாலும் நீர் அருந்தா விரதம் வேண்டாம். மருத்துவரைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

2. தமிழகத்திற்குத் தல யாத்திரை செல்வோர், விமானத்திலும் பேருந்திலும் மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்திருக்கலாகாது. அடிக்கடி எழுந்து நடங்கள்; தண்ணீர் அருந்துங்கள்.

3. புகைப்பதை விட்டுவிடுங்கள். கருத்தடை மாத்திரை உண்ணும் பெண்கள் அதனை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

4. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், தைலம் தேய்த்து உருவ வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். திடீர் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே 999 எண்ணை அழையுங்கள்.

உங்கள் குடும்பத்தில் இந்நோய் உள்ளவர் மருத்துவமனையில் சேர்ந்தால், "இரத்தம் உறையாமல் இருக்க ஊசி உண்டா?" என்று நீங்களே கேளுங்கள். நான் மறுத்ததை அவர்கள் மறுக்காதிருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

எல்லாம் வல்ல முருகப் பெருமான் அனைவருக்கும் நலம் அருள்வானாக.