அரணும் அரண்காப்போரும்

பின்னி, மினர்வா ஆலைகளின் சங்கொலி கேட்டெழுந்த ஸ்ரீராம்புரத்துக் குடும்பங்களின் பிள்ளைகளுள் சிலர் இன்று நிறுவனங்களின் கணினி வலையமைப்பைக் காக்கின்றனர். அவர்தம் கருவி ‘ஃபயர்வால்’ எனும் தீயரண். அரணை வாங்கப் பெரும்பொருள் செலவிடுவோரும் அதைக் காப்போரைப் பயிற்றத் தயங்குவதைக் காண்கிறோம்.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் தாக்குண்டன. சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நோயாளர் பதிவு மீண்டும் காகிதத்தில் நடந்தது. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பகுத்துக் காப்பதோ பயின்றவர் கைவேலை.

ஆதலின் பயிற்சியைத் தேர்வோர் மூன்றை நோக்குக. ஃபோர்டிநெட்டோ, பாலோ ஆல்டோவோ, சிஸ்கோவோ, தம்மிடமுள்ள கருவிக்குரிய பயிற்சியையே முதலிற் கொள்க. அடுத்து, அரணின் விதிகள் பொதுவாக மேலிருந்து கீழாக நோக்கப்பெறும். முதலிற் பொருந்துவதே செல்லும். ஒரு விதி இடம் மாறினும் வாயில் திறந்துவிடக்கூடும். இதனைக் கையால் செய்து பழக ஆய்வுக்கூடம் இல்லாத வகுப்பினால் பயன் குறைவு. மூன்றாவது, பதிவேடுகளைப் படித்தறியும் பழக்கம். தாக்குதலை ஆறு மணி நேரத்துள் அறிவிக்கவும், பதிவேடுகளை 180 நாள் பேணவும் 2022 ஏப்ரலில் ‘செர்ட்-இன்’ ஆணையிட்டது.

இளைஞர்களே, பயிற்சிக்கு அனுப்பும் மேலாளரிடம் தயங்காது கேளுங்கள்: “அங்கே செய்துபார்க்க இடமுண்டா?”