இடம் மாறினால் விடை மாறுமா?

திருமாலுக்கு நான்கு கைகள். அவற்றில் சங்கு, சக்கரம், கதை, தாமரை. எந்தக் கையில் எது இருக்கிறது என்பதை வைத்தே அந்த வடிவத்துக்குப் பெயர் சூட்டுகின்றன சிற்ப நூல்கள். ஓர் அமைப்பு கேசவன். பொருள்கள் கை மாறினால் நாராயணனோ மாதவனோ ஆகிவிடும். கேசவனில் தொடங்கிக் கிருஷ்ணனில் முடியும் அந்தப் பட்டியலில் 24 பெயர்கள் இருக்கின்றன. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

காரணம் எளிது. மேல் வலக்கைக்கு நான்கு பொருள்களில் எதையும் கொடுக்கலாம். மேல் இடக்கைக்கு மிச்சமுள்ள மூன்றில் ஒன்று. அடுத்த கைக்கு இரண்டில் ஒன்று. கடைசிக் கைக்கு எஞ்சியதுதான் கிடைக்கும். 4×3×2×1 = 24. பாஸ்கராச்சாரியர் 1150-இல் எழுதிய ‘லீலாவதி’யில் இது ஒரு கணக்காகவே வருகிறது. அதே மூச்சில் சிவனையும் இழுக்கிறார்: பத்துக் கைகள், பாசம், அங்குசம், உடுக்கை, சூலம், வில், அம்பு முதலான பத்துப் பொருள்கள், எத்தனை வடிவங்கள்? விடை 36,28,800. ஒவ்வொன்றுக்கும் சிலை வடிக்க எந்தச் சிற்பியாலும் ஆகாது.

அதே நூலில் இன்னொரு கணக்கு, சமையல் சம்பந்தப்பட்டது. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கசப்பு, துவர்ப்பு என்று சுவைகள் ஆறு. இவற்றை ஒவ்வொன்றாக, இரண்டிரண்டாக, மும்மூன்றாக என்று ஆறு வரை சேர்த்தால் எத்தனை வகைச் சுவை கிடைக்கும்?

மும்மூன்றாகச் சேர்ப்பதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். திருமாலின் கைகளை எண்ணியதுபோலவே எண்ணினால், முதல் சுவைக்கு ஆறு வாய்ப்பு, அடுத்ததற்கு ஐந்து, அதற்கடுத்ததற்கு நான்கு: 6×5×4 = 120. ஆனால் ‘புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு’ என்று எழுதினாலும் ‘கார்ப்பு, புளிப்பு, உவர்ப்பு’ என்று எழுதினாலும் நாக்குக்கு அது ஒரே ரசம்தான். மூன்று பெயர்களை 3×2×1 = 6 விதமாக வரிசைப்படுத்தலாம். ஆகவே ஒவ்வொரு கலவையையும் ஆறு முறை எண்ணித் தொலைத்திருக்கிறோம். 120-ஐ 6-ஆல் வகுத்தால் 20. இப்படியே ஒன்று முதல் ஆறு வரை போனால் 6, 15, 20, 15, 6, 1. மொத்தம் 63. பாஸ்கரருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களில் இந்த 63 இடம்பெற்றுவிட்டது. வகுத்து எண்ணும் இந்த முறையை 9-ஆம் நூற்றாண்டில், இராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த மகாவீரர் ‘கணித சார சங்கிரக’த்தில் பொது விதியாகவே தந்தார்.

கைகளின் கணக்கு வரிசை மாற்றம். சுவைகளின் கணக்கு சேர்மானம். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு வகுத்தல். பிளஸ் ஒன் மாணவர்கள் இரண்டு சூத்திரங்களையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். எந்தக் கணக்குக்கு எது என்பதில்தான் தடுமாற்றம். ‘வரிசை முக்கியம் என்றால் வரிசை மாற்றம், இல்லையென்றால் சேர்மானம்’ என்று பொதுவாகச் சொல்லிக்கொடுப்பார்கள். அது தப்பில்லை. ஆனால் வரிசை என்றதும் மனம் ஒரு நீண்ட கியூவைத் தேடப் போய்விடுகிறது. எல்லாக் கணக்கிலும் கியூ கண்ணில் படாது.

வராகமிகிரரின் வாசனைத் திரவியங்கள் இதற்கு நல்ல சாட்சி. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவருடைய ‘பிருகத் சம்ஹிதை’யில் வாசனைப் பொருள் தயாரிப்புக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. பதினாறு பொருள்களிலிருந்து நான்கு நான்காக எடுத்தால் 1,820 கலவைகள் என்கிறார். சரிதான்: 16×15×14×13 = 43,680; அதை 24-ஆல் வகுத்தால் 1,820. சம அளவில் கலந்தால் எதை முதலில் போட்டோம் என்பது மூக்குக்குத் தெரியாது.

ஆனால் அந்த அத்தியாயம் அளவுகளையும் மாற்றச் சொல்கிறது: ஒன்று ஒரு பங்கு, ஒன்று இரண்டு பங்கு, ஒன்று மூன்று, ஒன்று நான்கு. சந்தனம் நான்கு பங்கும் அகில் ஒரு பங்கும் சேர்ந்தால் வருவது ஒரு மணம். அளவை மாற்றிப் போட்டால் வேறொரு மணம். இப்போது ஒவ்வொரு கூட்டும் 24 வாசனைகளாகப் பிரிகிறது. வகுத்துத் தள்ளிய 24 திரும்பி வந்துவிட்டது. எண்ணிக்கை மறுபடி 43,680. கிண்ணத்துக்குள் முன் பின் என்று எதுவும் இல்லை, வரிசையில் யாரும் நிற்கவில்லை. ஆனாலும் இது வரிசை மாற்றக் கணக்குதான். ‘நான்கு பங்கு’ என்பது ஓர் இடம். ‘ஒரு பங்கு’ என்பது வேறோர் இடம்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: இடங்களுக்குத் தனி அடையாளம் இருக்கிறதா? இருந்தால் இரண்டை இடம் மாற்றும்போது விடை மாறும். இல்லாவிட்டால் மாறாது.

பதினைந்து பேரிலிருந்து பதினொருவர் கொண்ட கிரிக்கெட் அணியைத் தேர்ந்தெடுக்க 1,365 வழிகள். அணியில் இருப்பது, இல்லாதது என்பதைத் தவிர வேறு அடையாளம் இதில் கிடையாது. கேப்டன், துணை கேப்டன் என்று சொன்னவுடன் இரண்டு இடங்களுக்குப் பெயர் வந்துவிடுகிறது. கேப்டனுக்கு 11 வாய்ப்பு, துணை கேப்டனுக்கு 10. 1,365-ஐ 110-ஆல் பெருக்கினால் 1,50,150. மீதி ஒன்பது பேர் பெயரில்லாத இடத்திலேயே நிற்கிறார்கள். ஒரே கணக்குக்குள் இரண்டு முறைகளும் கலந்திருப்பதே வழக்கம். கேள்வியில் ‘தேர்ந்தெடு’ என்ற சொல்லைக் கண்டதும் சேர்மானத்தைப் போட்டு முடித்துவிடுகிறவர்கள் இங்கேதான் மதிப்பெண் இழக்கிறார்கள்.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று கேரம் பலகையில் இருக்கிறது. நான்கு பேர் இரண்டு ஜோடியாகப் பிரிய எத்தனை வழி? நான்கில் இருவரை எடுப்பது, 4×3-ஐ 2-ஆல் வகுத்தால் 6. சேர்மானம்தானே, வகுத்தாயிற்றே என்று நிம்மதியாக இருக்க முடியாது. ராமுவும் சலீமும் ஒரு ஜோடி என்றால் மிச்சமுள்ள மேரியும் வள்ளியும் தானாகவே மறு ஜோடி. மேரியையும் வள்ளியையும் முதலில் எடுத்தாலும் ஆட்டம் அதேதான். ஜோடிகளுக்கே பெயர் இல்லாததால் இன்னொரு முறை 2-ஆல் வகுக்க வேண்டும்: 3 வழிகள்தான். எந்த ஜோடி முதலில் அடிக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்டால் ஜோடிகளுக்கு அடையாளம் வந்துவிடும். விடை மறுபடி 6.

நான்கு பேர் கணக்கை ஒரு தாளில் எழுதியே சரிபார்த்துவிடலாம். பதினாறு பொருள் கணக்கில் அந்த வசதி இல்லை. அங்கேயும் சூத்திரத்தைத் தொடுமுன் ஏதாவது ஒரே ஒரு விடையை முழுசாக எழுதி, அதில் இரண்டை இடம் மாற்றிப் பார்த்தால் போதும். எழுதியது புது விடை என்றால் வகுக்க வேண்டாம். பழைய விடையே என்றால் எத்தனை முறை அது திரும்ப வருமோ அத்தனையால் வகுத்துவிட வேண்டும்.