புகைப் பரிசோதனைத் தாளும் ஒரு கணக்குத்தான்

வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போனால் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள். 2008 இல் தொடங்கிய நடைமுறை இது. கடை வேலைக்கு ஓடும் எனது பழைய காபரேட்டர் கார் ஒருமுறை தேறவில்லை.

ஒரு கராஜுக்குப் போனேன். "ரிங் போய்விட்டது ஹாஜியார், எஞ்சின் இறக்க வேண்டும்" என்றார்கள். கேட்ட தொகை ஒரு மாத இலாபம்.

பணம் தேட முன் பரிசோதனைத் தாளைத் தெரிந்த வயதான பாஸ் ஒருவரிடம் காட்டினேன். காபனோரொட்சைட்டு எல்லை கடந்திருந்தது; ஐதரோகாபன் எல்லைக்குள் இருந்தது. "முதலாவது கூடினால் பெற்றோல் அதிகம், காற்றுக் குறைவு. இரண்டாவது கூடினால் பெற்றோல் எரியாமல் வெளியேறுகிறது. பிளக், டைமிங், வால்வு பார்க்க வேண்டும். ரிங் தேய்ந்தால் நீலப் புகை வரும், ஒயில் குறையும்" என்றார். என் காரில் நீலப் புகையும் இல்லை, ஒயிலும் குறையவில்லை.

எயார் பில்டரில் தூசி அடைத்திருந்தது. சோக் முழுதாகத் திறக்கவில்லை. பில்டரை மாற்றி, சோக்கைச் சுத்தம் செய்து, காபரேட்டரைச் சரிசெய்தார். எஞ்சின் நன்கு சூடேறிய பின் கொண்டுபோனேன். அல்ஹம்துலில்லாஹ், தேறியது. பெற்றோல் செலவும் குறைந்தது.

கடையில் நட்டம் வந்தால் முதலில் கணக்கைப் பார்க்கிறோம், கடையை இடிப்பதில்லை. வாகனமும் அப்படித்தான். தாளை வாசித்த பிறகே பணத்தை எடுங்கள்.