பிள்ளைகளின் தாலந்தும் பெற்றோரின் கடமையும்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில், பிள்ளைகள் வளர வளர ஒரு வினா எழுகின்றது. “இவனை எதற்குப் படிக்க வைப்பது?” என்பதே அது. மாதந்தோறும் தவறாது சம்பளம் வரும் வேலை எதுவோ அதற்கே என்று விடையும் உடனே கூறிவிடுகின்றோம். வறுமையைக் கண்டறிந்த பெற்றோர் அவ்வாறு எண்ணுதல் இயல்பு, அதனை இகழ்வதற்கில்லை. ஆயினும், இப்பிள்ளையைப் படைத்தவர் இதனிடம் எதனை ஒப்படைத்து அனுப்பினார் என்று கேளாமலே முடிவு செய்தல் தகுமா?

மத்தேயு எழுதின சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரத்திலுள்ள தாலந்து உவமையை நாம் அனைவரும் அறிவோம். தாலந்து என்பது அக்காலத்துப் பெரிய நிறையளவு. பெரும் பணத்தொகையையும் அது குறித்தது. இறைவன் அருளிய திறமை என்னும் பொருள் இவ்வுவமையினாலேயே அச்சொல்லுக்கு வந்து சேர்ந்தது. எசமான் ஒருவனுக்கு ஐந்தும், மற்றொருவனுக்கு இரண்டும், வேறொருவனுக்கு ஒன்றும் கொடுத்தான். ஐந்தைப் பத்தாக்கினவனும் இரண்டை நான்காக்கினவனும் ஒரே பாராட்டைப் பெற்றனர். நாமோ இரண்டு பெற்ற பிள்ளையை, ஐந்து பெற்ற அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மனம் நோகச் செய்கின்றோம். ஒன்றைப் பெற்றவன் அச்சத்தினாலேயே அதனைப் புதைத்து வைத்தான். நம் பிள்ளைகளின் தாலந்து புதைந்து போவதும் பல வேளைகளில் பெற்றோரின் அச்சத்தினாலேயே அன்றோ?

பாட்டும் பேச்சும் மதிப்பெண்ணுமே தாலந்து என்று கருதுதலும் பிழையாகும். பொன்னிலும் மரத்திலும் விசித்திர வேலை செய்யும்படி பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பியதாக யாத்திராகமம் கூறுகின்றது. யோப்பா பட்டணத்துத் தொற்காள் விதவைகளுக்கு அங்கிகள் செய்து கொடுத்தாள். கைத்தொழிலும் இரக்கமும் இறைவனின் ஈவுகளே.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தனிப்பட்ட ஒரு தாலந்தும் வாய்க்கின்றது. வீட்டில் தமிழும், தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ, பள்ளியில் ஆங்கிலமும் பேசி அவர்கள் வளர்கின்றனர். ஊரிலிருந்து புதிதாக வந்த முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, அவர் நோயை மருத்துவருக்கு எடுத்துரைக்கும் பிள்ளையை நாம் கண்டதுண்டு. அதனை வெறும் உதவி என்று எண்ணிவிடலாகாது. அவன் அழைப்பின் தொடக்கம் அதுவாகவும் இருக்கலாம். ஆதலின் தமிழை எழுதவும் படிக்கவும் கற்பியாமல் விடுதல், அவன் கையிலுள்ள தாலந்தில் ஒன்றை நாமே பறித்தலாகும்.

அழைப்பை அறிந்துகொள்ளப் பெற்றோர் எவ்வாறு துணை செய்வது? சிறுவன் சாமுவேல் தன்னை அழைத்தது யார் என்று அறியாமல் மும்முறை ஏலியினிடம் ஓடினான். ஆண்டவரே அழைக்கிறார் என்று உணர்ந்த ஏலி, தாம் அவனுக்காக விடை கூறவில்லை; அவனே விடை கூறும் வழியைக் கற்பித்து அனுப்பினார். பெற்றோர் கடமையும் அதுவே. எவரும் ஏவாமல் பிள்ளை எதனை விரும்பிச் செய்கின்றது, எதில் தோற்றாலும் மீண்டும் முயல்கின்றது, யாருடைய துன்பங்கண்டு மனம் இளகுகின்றது என்று உற்று நோக்குவோமாக. ஞாயிறு பள்ளியிலும் பாடகர் குழுவிலும் சங்க விழாவிலும் அதற்குச் சிறு பொறுப்புகளை அளிப்போமாக.

பொறுமையும் வேண்டும். 1859இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் ஆசிரியராகப் பணி தொடங்கினார். பின்னர்ச் சித்த மருத்துவத்தில் புகழ் பெற்றார். தமிழிசை ஆராய்ச்சியில் அவர் உழைத்த உழைப்பின் பயனாகிய கருணாமிர்த சாகரம் 1917இல்தான் வெளிவந்தது. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கட்டர் முதலில் இந்தியாவில் ஊழியம் செய்ய விரும்பினாரல்லர். பெண் மருத்துவர் இன்மையால் ஓரிரவில் மூன்று தாய்மார் பிரசவத்தில் மாண்டதைக் கண்டே மருத்துவம் கற்கத் துணிந்தார். 1918இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். திறமை உள்ளே இருக்கின்றது. அது யாருக்காக என்பதைப் பிறருடைய தேவையே பெரும்பாலும் காட்டுகின்றது.

வருவாய் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. கற்க வேண்டிய தொழிலைக் கற்கட்டும். குடும்பப் பொறுப்பையும் ஏற்கட்டும். ஆனால் பிள்ளை நம் உடைமையன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட தாலந்து. கணக்குக் கேட்கப்படும் நாளில், “அஞ்சினோம், புதைத்தோம்” என்று விடை கூறும் நிலை நமக்கு வாராதிருப்பதாக.