இருட்டினால் எரியும் விளக்கு

கேரளாவில் ஆனைக்கரை என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. மற்றொன்று இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இடுக்கி ஆனைக்கரையைச் சுற்றி ஏலத்தோட்டங்கள். மலை இறங்கினால் தேனி மாவட்டம்.

அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். பெரியவரான பிறகு எழுத்துக் கற்றவர். மகள் பத்தாம் வகுப்பு, தமிழ் வழியில் படிக்கிறாள். ஒரு நாள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். மகள் அம்மாவைக் கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிப் போகிறாள்.

"எனக்கு இதில் என்ன புரியும்? படித்தவங்க விஷயமாச்சே" என்று அம்மா தயங்குகிறார்.

"நீ வாம்மா. இதைப் பாரு" என்கிறாள் மகள்.

மேசைமேல் ஒரு சின்ன விளக்கு. பக்கத்தில் ஒரு பச்சைப் பட்டாணி அளவில் ஒரு பொருள். அது வெளிச்சத்தை உணரும். அதை விளக்கின் கண் என்று சொல்லலாம். இரண்டும் ஒயரால் உள்ளங்கை அளவுள்ள ஒரு பலகையோடு சேர்ந்திருக்கின்றன. அந்தப் பலகையின் பெயர் ஆர்டுயினோ. அதுதான் இந்த விளக்குக்கு மூளை. ஆனால் அதற்குத் தானாக எதுவும் தெரியாது. நாம் சொன்னதை மட்டும் செய்யும்.

மகள் நோட்டைக் காட்டுகிறாள். அம்மா விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்.

1. வெளிச்சத்தை அளந்து பார்.
2. வெளிச்சம் குறைவாக இருந்தால் விளக்கை ஏற்று.
3. குறைவாக இல்லை என்றால் விளக்கை அணை.
4. மறுபடியும் முதல் வரிக்குப் போ.

"இவ்வளவுதானா?" என்கிறார் அம்மா.

இவ்வளவுதான். இப்படி வரிசையாகச் சொல்லும் கட்டளைகளுக்குத்தான் புரோகிராம் என்று பெயர். தமிழில் நிரல் என்பார்கள். இந்த வரிகளைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் மொழியில் மாற்றித் தரவேண்டும். தொடக்கத்தில் பிள்ளைகள் வண்ணக் கட்டங்களாக இருக்கும் கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகிறார்கள். கட்டளை எழுதும்போது இரண்டாம் வரியில் "அணை" என்றும் மூன்றாம் வரியில் "ஏற்று" என்றும் மாறிப்போனால் என்ன ஆகும்? பகலில் விளக்கு எரியும். இரவில் அணைந்துவிடும். கருவிமேல் தப்பில்லை. சொன்னதில்தான் தப்பு.

மகள் ஜன்னல்களைச் சாத்துகிறாள். அறை இருட்டாகிறது. விளக்கு எரிகிறது. ஆனால் உடனே அணைகிறது. மறுபடி எரிகிறது, அணைகிறது. மினுக்கிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். நான்கு வரியும் சரியாகத்தான் இருக்கின்றன.

அம்மா குனிந்து பார்க்கிறார். "விளக்கு வெளிச்சம் அந்தக் கண் மேலேயே விழுதே பாப்பா. அது விடிஞ்சிருச்சுன்னு நினைக்குது. நடுவில் ஒரு அட்டையை வை."

அட்டையை வைத்தார்கள். விளக்கு நின்று எரிந்தது.

அம்மாவுக்கு இது எப்படித் தெரிந்தது? ஏலக்காய் ஸ்டோரில் அவர் வேலை பார்த்திருக்கிறார். காயைச் சூட்டில் வைத்துக் காயவைக்கும் இடம் அது. சூடு குறைந்தால் விறகு போடவேண்டும். கூடினால் காற்று விடவேண்டும். விட்டுவிட்டால் காயின் பச்சை நிறம் போய்விடும், விலையும் போய்விடும். அதனால் மறுபடி மறுபடி போய்ப் பார்க்கவேண்டும். "குறைந்தால் இதைச் செய், கூடினால் அதைச் செய், மறுபடி பார்." இதுவும் ஒரு நிரல்தான். கவனித்துப் பார்ப்பதும் காரணம் தேடுவதும் அவருக்குப் பழகிய வேலை.

மேலே சொன்ன அம்மாவும் மகளும் கற்பனை. பாடம் கற்பனை இல்லை. கேரளப் பள்ளிகளில் 2018 ஜனவரியில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றங்கள் தொடங்கின. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் அவற்றில் கம்ப்யூட்டர் வேலைகளைச் செய்து கற்கிறார்கள். 2022 டிசம்பரில் பள்ளிகளுக்கு ஆர்டுயினோ பெட்டிகள் கொடுக்கத் தொடங்கினார்கள். தானாக எரியும் தெருவிளக்கு, சாலைச் சிக்னல் போன்றவற்றைப் பிள்ளைகள் அவற்றால் செய்கிறார்கள். 2025 ஜூன் முதல் பத்தாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பாடமாகிவிட்டது. பாடநூல் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கு மொழிகளிலும் உண்டு. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் கேட்டுப் பெறவேண்டிய உரிமை இது.

செய்து கற்கும் இந்த முறை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட் என்ற அறிஞர் இருந்தார். 1967இல் அவரும் நண்பர்களும் குழந்தைகளுக்காக லோகோ என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார்கள். கம்ப்யூட்டர் குழந்தைக்குச் சொல்லித்தரக் கூடாது, குழந்தைதான் கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது அவர் கொள்கை. தப்பு வந்தால் அடியில்லை, திட்டில்லை. தேடித் திருத்தவேண்டும். அப்படித் திருத்துவதுதான் படிப்பு. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத எழில் என்ற மொழியும் இருக்கிறது. அதை முத்து அண்ணாமலை உருவாக்கினார்.

2025 ஆகஸ்டில் கேரளா முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. போனில் பேசுவதும் பணம் அனுப்புவதும் நல்லதுதான். ஆனால் கருவியைப் பயன்படுத்துவது வேறு. கருவிக்குக் கட்டளை சொல்வது வேறு. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலக்காய் ஏலம் இன்று கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்யவேண்டும் என்று யாரோ ஒருவர் வரி வரியாக எழுதியிருக்கிறார். நாளைக்கு அதை எழுதுபவர் காய் பறித்தவரின் மகளாக ஏன் இருக்கக் கூடாது?

நீங்களும் செய்து பாருங்கள். கம்ப்யூட்டர் வேண்டாம். கட்டன் சாயா போடும் முறையை ஆறு வரியில் எழுதுங்கள். பிள்ளையிடம் கொடுங்கள். எழுதியபடி மட்டும் அவள் செய்யவேண்டும். அடுப்பைப் பற்றவைக்கச் சொல்ல மறந்தீர்களா? தண்ணீர் கொதிக்காது. எந்த வரி விட்டுப்போனது என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள். திருத்தி எழுதுங்கள்.

சாயா சரியாக வந்தால், உங்கள் முதல் நிரலை எழுதிவிட்டீர்கள்.